அடி வெங்காயம்

மூட்டையின் வாய் அவிழ்ந்ததும் மேலே மினுங்கும் வெங்காயங்களைப் பவாஸ் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, தோள் வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடக்கும் ஒன்றைப் பிடுங்கி எடுப்பார். பெருவிரலால் அமுக்குவார். முகர்வார். கொண்டுவந்த விவசாயி எதிரிலேயே நிற்கிறாரே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. "மேல வைக்கிறது கண்ணுக்கு. அடியில ஈக்கிறதுதான் சாமான்" என்பார். தம்புள்ளை மொத்தச் சந்தையில் அவரை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அன்றைக்கே பவாஸ் அவனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருப்பார்.

சந்தேகம் வெங்காயத்தோடு நின்றிருந்தால் பிழையில்லை. யாராவது சலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு, இவன் ஏன் இன்றைக்குச் சிரித்தான் என்று பகல் சோறு வரை யோசிப்பார். லொறி பிந்தினால் கவிழ்ந்துவிட்டது. நேரத்துக்கு வந்தால் அதைவிட மோசம்: எதையோ மறைக்கிறார்கள். போன போகத்திலிருந்து நெஞ்சும் படபடக்கத் தொடங்கியது. உள்ளங்கை வியர்த்தது, சோறு இறங்கவில்லை. ஈசிஜி எடுத்தவர்கள் இதயம் சுகமாக இருக்கிறது என்றார்கள். பவாஸ் மிஷினைச் சந்தேகப்பட்டார்.

அவருடைய மனைவி றுஸைனா வேறு கணக்குப் போட்டிருந்தாள். தூங்காமல் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடக்கிற புருசன் யாரை நினைத்து நடப்பான்? "ஆரு அந்தப் பொம்புள?" என்று போனைப் பறித்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெங்காய விலையைத் தவிர ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மாத்தளையில் மனநல கிளினிக்கைத் தேடிப் பிடித்தவள் அவள். தம்புள்ளையில் காட்டினால் சந்தைக்கே தெரிந்துவிடுமாம். டொக்டர் ரஜிதா இது பதற்ற நோய், சுகப்படுத்தலாம் என்று சொல்லிக் குளிசை எழுதினார். பலன் தெரிய மூன்று கிழமையாவது செல்லும் என்றார். "மூணு கிழமைல தக்காளி மண்ணாப் போயிடும்" என்று பவாஸ் பஸ்ஸில் முணுமுணுத்தார்.

அடுத்த முறை, மனநல அறைக்கு முன்னால் உட்காராமல், அவர் போய் உட்கார்ந்தது பக்கத்துக் கண் டொக்டரின் வரிசையில். பக்கத்தில் திரும்பினால், சந்தையில் இரண்டு கடை தள்ளி இருக்கும் ரிஸ்வி.

"கண்ணுக்கா நானா?" என்று மூத்தவரை ரிஸ்வி கேட்டார்.

"கண்ணுக்குத்தான். தம்பிக்கு?"

"கண்ணுக்குத்தான்."

இருவரும் எதிர்ச்சுவர் அறிவித்தலின் பொடி எழுத்துகளைத் தடுமாறாமல் வாசித்தபடி, மற்றவருடைய பெயரை முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்கள். ரிஸ்வியைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எழும்பிப் போனது கண் அறைக்கு அல்ல. திரும்பி வரும்போது பவாஸின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "போங்க நானா. கடிக்க மாட்டாங்க."

றுஸைனாவோடு உள்ளே போனதும் டொக்டர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்கிறேன் மிஸ்."

"குளிசை?"

"ஒழுங்காப் போடுறேன்."

மேசைக்கடியில் அவர் முழங்கால் ஆடியதில் மேசைமேல் பேனா உருண்டது. "சோறு இன்னும் இறங்குதில்ல மிஸ்" என்றாள் றுஸைனா.

டொக்டர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "ஒழுங்காப் போட்டும் குறையலன்னா, அளவைக் கூட்டத்தான் வேணும்."

எழுதத் தொடங்கிய கையைப் பவாஸ் பார்த்தார். றுஸைனா பவாஸைப் பார்த்தாள்.

"மிஸ், இவரு சொல்றது மேல வைக்கிற வெங்காயம். நம்பாதீங்க."

டொக்டருக்கு வெங்காயம் விளங்கவில்லை. ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தார்.

பவாஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மடியிலிருந்த சொப்பிங் பேக்கின் வாயை விரித்து, தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட்டையும் குடையையும் தாண்டி, அடி வரை கையை விட்டார். ஒரு குளிசைகூடப் பிரிக்கப்படாத அட்டைகளை எடுத்து டொக்டர் முன்னால் வைத்தார்.