தறிக்குழிக்குள் இருந்த கால்

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி பண்ணினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: பீடி கூடாது, சர்க்கரை ஏறக்கூடாது, மாத்திரையை நிறுத்தக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். எது தவறினாலும் திரும்ப இங்கேதான் வந்து படுக்கணும் என்றார். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

ஆரணிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே மனுஷன் குழித்தறியில் இறங்கிவிட்டார். எங்கள் தெருவில் படுத்தவன் தேறிவிட்டானா என்பதைத் தறிச் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். குழிக்குள் கால் மிதிகட்டையை மிதிக்கிறது, மேலே புடவை வளர்கிறது, அப்புறம் என்ன சீக்கு? விசாரிக்க வருபவர்கள்கூட வாசலோடு, தறி ஓடுதே என்று திரும்பிவிடுவார்கள். பாதத்தைக் காட்டுங்க என்று கேட்டால் அவர் எரிந்து விழுவார்.

"மிதிக்குது இல்ல? அப்புறம் இன்னா பார்க்கணும் உனக்கு?"

உண்மையில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது.

ஒருநாள் காலை மிதிகட்டையின் கயிறு அறுந்தது. அவரால் குனிய முடியாது என்று நான் குழிக்குள் இறங்கினேன். முதலில் நாற்றம்தான் வந்தது. அவர் கால் கட்டைவிரலில் எதுவோ கிழித்த புண், விரலே கறுத்துக் கிடந்தது. பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மண்ணெல்லாம் பீடித் துண்டுகள். வலிக்கலையா என்று கத்தினேன். சர்க்கரையில் மரத்துப்போன கால், அவருக்கு எதுவுமே தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு அறை விட்டிருப்பேன், அழுகைதான் வந்தது.

அன்றைக்கே பஸ்ஸில் வேலூருக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். போட்ட வழியும் அடைத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார் என்றார்கள். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், காலைக்கூடப் பிடித்தேன்.

"கால் இல்லாத என்ன வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"நான் நெய்யறேன். நீங்க பக்கத்துல குந்தி பேசிகினு இருங்க. அது போதும் எனக்கு."

டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மதியம்தான் என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். விழுந்தடித்து ஓடி டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, இனி முழங்காலுக்கு மேலேதான் எடுக்கணும் என்றார்.