எண்கணித நங்கையின் கூட்டல்

1974 யூன் 15, சனி, முற்பகல் 11.20. மெல்பேண். தூறல், குளிர்.

கலைக்கூடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் ரொக்கோக்கோ பாணியிலான ஒரு பிரெஞ்சு ஓவியத்தின் முன் நிற்கிறேன். எண்கணிதத்தை ஒரு பெண்ணாக வரைந்திருக்கிறார்கள். ரோசாப் பட்டு, கழுத்தில் ஆறு முத்து, மேகத்தில் சிறகு முளைத்த நான்கு குழந்தைகள். மடியிலுள்ள சிலேட்டில் 348ஐயும் 275ஐயும் கூட்டி 613 என்று எழுதியிருக்கிறாள்.

"பிழை!" என்கிறேன். முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்த வாய்.

"அப்பா, மெதுவாக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்கிறாள் மகள். அவள் இங்கே டொக்டர். என்னால் அவளுக்குத் தலைகுனிவாகிவிடுமோ என்று ஓரடி பின்வாங்குகிறேன்.

காவலர் வந்து என்ன விஷயம் என்று கேட்கிறார். மகள் சிலேட்டை உற்றுப் பார்க்கிறாள்.

"எட்டும் அஞ்சும் பதின்மூண்டு. மூண்டு போட்டு, ஒண்டு மிச்சம்..." நான் சொல்லிக்கொடுத்த அதே இராகம்.

பிறகு காவலரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "இந்த அம்மா மிச்சம் ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டார். கண்டுபிடித்தது என் அப்பா."

காவலர் சிரிக்கிறார். "பதினொரு வருடமாக இவளுக்குக் காவல் நிற்கிறேன், ஐயா. முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்."

வாசலில் இந்த ஓவியம் தபாலட்டையாக விற்கிறது, ஒன்று பதினைந்து சதம். என்னோடு படிப்பித்த ஏழு ஆசிரியர்களுக்கும் ஒவ்வொன்று வாங்குகிறேன். ஒரு டொலர் ஐந்து சதம்.