பக்கத்துப் புடவையின் பிள்ளை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்து ஒன்றின் நடத்துநரான ராஜவேலுவின் வாழ்க்கை வரலாற்றை இன்னும் ஒருவரும் எழுதவில்லை. நாட்டின் சோம்பலுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. பேருந்தின் பெயரைக் கேட்காதீர்கள். முதலாளி கோபக்காரர்.

ராஜவேலுவுக்கு வயது நாற்பத்தாறு. தொப்பை உண்டு, தொண்டை அதைவிடப் பெரிது. தன் வண்டியில் ஏறும் அத்தனை பேரின் குடும்ப நிலவரமும் தனக்குத் தெரியும் என்பது அவருடைய கொள்கை. யாருக்கு எப்போது நிச்சயதார்த்தம், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் விசில் ஊதும் இடைவெளியில் வெளிவரும். தெரியாத இடங்களைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

தொழிலில் அவர் கண்ட சட்டம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை எந்தப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தப் புடவையின் பிள்ளை. அவ்வளவுதான். கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் யார் என்று விசாரித்தால் வண்டி சிதம்பரம் போய்ச் சேராது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் புடவையிடம் அரை டிக்கெட் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை, மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்துப் புடவை தேவனாம்பட்டினம் ராசம்மாள், கருவாட்டு மூட்டையோடு வழக்கமாக வருபவர்.

"எம்மா, பாப்பாவுக்கு அரை டிக்கெட் எடு."

"எந்தப் பாப்பாவுக்கு?"

"ஒம் பக்கத்துல குந்தியிருக்குதே, அதுக்கு."

ராசம்மாள் குழந்தையைப் பார்த்தார், பிறகு ராஜவேலுவைப் பார்த்தார். "யோவ், எம் பேத்தி காலேஜ் போறா. இந்த வயசுல எனக்கு ஏதுய்யா பாப்பா? ஆனா நீ அப்படி நெனச்சதுல எனக்கு சந்தோசந்தான்."

வண்டி சிரித்தது. ராஜவேலு மட்டும் சிரிக்கவில்லை. நேற்று இந்தக் குழந்தை நீலப் புடவைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு முன்தினம் பி.முட்லூர் டீச்சருக்குப் பக்கத்தில். டீச்சரிடம் அரை டிக்கெட் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டார். கணக்குப் பார்த்தால் பத்து நாளுக்கு மேலாகவே இந்தக் குழந்தை தனியாக வந்துகொண்டிருக்கிறது. சிதம்பரத்தில் ஓட்டுநர் சடையப்பனும் அவரும் டீ குடிக்கப் போகும்போது வண்டி திறந்தே கிடக்கும். யாராவது கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போயிருந்தால்?

"ஒம் பேரு இன்னா பாப்பா?"

குழந்தை அவர் தோளில் தொங்கிய டிக்கெட் பையையே பார்த்தது.

"அம்மா எங்க?"

குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

சடையப்பன் கண்ணாடியில் பார்த்தபடியே கத்தினார். "மச்சான், நமக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு ஸ்டேசனு, சாட்சின்னு அலைய வச்சிடுவானுங்க."

"வண்டியில ஏறுன பொட்டிய தொலைச்சாலே நம்மளத்தான் கேப்பானுங்க. இது புள்ளடா!" என்று சொல்லிவிட்டு, முன்னால் போன ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ராஜவேலு போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் பேசினார்.

"குழந்தை பேரு என்னங்க?"

"தெரியாதுங்க."

"எங்க ஏறுனாங்க?"

"தெரியாதுங்க."

"பெத்தவங்க?"

"தெரியாதுங்க." இத்தனை தெரியாதுகளை ஒரே மூச்சில் ராஜவேலு அதுவரை சொன்னதில்லை.

"சரி, வயசு?"

"டிக்கெட்டுக்கா, நெசத்துக்கா?"

"நெசத்துக்கு."

"அஞ்சு இருக்கும்." இதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெம்பில் கதை கட்டக் கிளம்பினார். "மேடம், இது பெரிய கும்பலு வேலைன்னு நெனைக்கிறேன். பாண்டியிலேர்ந்து கடத்தினு வந்து..."

"அண்ணே, பாத்தத மட்டும் சொல்லுங்க."

பார்த்ததை மட்டும் சொல்வது ராஜவேலுவுக்குப் பழக்கமில்லாத வேலை. திக்கித் திக்கிச் சொன்னார். மஞ்சள் கவுன். தனியா வருது, தனியா போவுது. எண்ணெய் வச்சி ரெட்டைச் சடை, இறுக்கமா. பவுடர் பூசியிருக்கு. உடம்புல காயம் ஏதும் கண்ணுக்குத் தெரியல. பேச மாட்டேங்குது.

"இவ்வளவுதாங்க தெரியும். இத வச்சி இன்னா பண்ணுவீங்க? ஒருவேளை நான் தப்பா சொல்லி, அம்மாக்காரிய புடிச்சி உள்ள போட்டுட்டா?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சது போதும்ண்ணே. மீதிய விசாரிக்கிறது எங்க வேலை. சொன்னது யாருன்னு வெளியில தெரியாது."

"போட்டோ எடுத்து எங்க கண்டக்டருங்க குரூப்ல போட்டுடட்டுமா?"

"ஐயோ, வேணாங்க. பாப்பாவ எறங்க விடாம பக்கத்துலயே இருங்க."

ரகசியம் காப்பாற்றப்படும் என்று அந்தப் பெண் சொன்னது உண்மை. ஆனால் ஏர் ஹாரனை மீறிக் கேட்பதற்காக ராஜவேலு கத்திப் பேசியதில், பின் படிக்கட்டில் தொங்கியவர்கள் உட்பட எல்லோருக்கும் ரகசியம் தெரிந்துவிட்டது.

சிதம்பரத்தில் அந்த உதவி மையத்திலிருந்து தமிழ்ச்செல்வி என்ற பணியாளர் வந்து காத்திருந்தார். குழந்தையிடம் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் எது பிடிக்கும் என்று கேட்டார். குழந்தை வெகுநேரம் யோசித்து, "ஜன்னலு" என்றது. அதற்குப் பிறகு வாய் திறந்துகொண்டது. பெயர் இலக்கியா. கடலூர் முதுநகரில் அம்மாவோடு ஏறுவாள். ஆலப்பாக்கத்தில் அம்மா வேலைக்கு இறங்கிவிடுவாள். நாள் முழுக்க இவள் மட்டும் வண்டியிலேயே போய் வருவாள். சாயங்கால ட்ரிப்பில் அதே இடத்தில் ஏறி மகளைக் கூட்டிப்போவாள்.

சாயங்காலம் தமிழ்ச்செல்வி குழந்தையோடு அதே வண்டியில் வந்தார். ஆலப்பாக்கத்தில் இறால் கம்பெனி வாசனையோடு ஏறிய இலக்கியாவின் அம்மா ரேகா, மகள் பக்கத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தமிழ்ச்செல்வி தாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னார்.

"யாரு போன் பண்ணது?" என்றாள் ரேகா.

பயணிகள் ரகசியம் காத்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஐம்பது தலைகள் மட்டும் ராஜவேலு பக்கம் திரும்பின.

"நீங்களாண்ணே? ஒங்கள நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்!"

"என்ன நம்பியா? எம்மா, புள்ள இருக்கறதே எனக்குத் தெரியாதே!"

"தெரியக் கூடாதுன்னுதான் புடவை கட்னவுங்க பக்கத்துல குந்துடின்னு சொல்லி வச்சேன். நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும்." அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு கேரளாவுல மீன்புடி போட்ல இருக்காரு. எங்கத் தெரு பால்வாடிய மூணரைக்குப் பூட்டிடுறாங்க. பக்கத்து வூட்டு ஆளு ஒருத்தன் குடிச்சிட்டு வந்து எங்க வாசல்லயே நிக்கிறான். அங்க வுட்டுட்டு வரச் சொல்றீங்களா? பஸ்ஸுல காத்து வருது, நாலு பொம்பளைங்க இருக்காங்க, காக்கிச் சட்டையில ஒரு ஆம்பள இருக்காரு. என்னையும் புள்ளயையும் இனி பிரிச்சிடுவீங்களா மேடம்?"

"பிரிக்கறதுக்கு வரலம்மா. ஆனா இப்படி வுட முடியாது" என்றார் தமிழ்ச்செல்வி.

தன் சட்டத்தை ஒரு பெண் இவ்வளவு துல்லியமாகப் படித்து வைத்திருப்பாள் என்று ராஜவேலு கனவிலும் நினைத்ததில்லை. முதுநகர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இது அந்த வழித்தடத்தின் சாதனை.

ரேகாவைத் தமிழ்ச்செல்வியின் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசினார்கள். கொஞ்சம் கண்டித்தார்கள், நிறையக் கேட்டுக்கொண்டார்கள். இலக்கியா ஆலப்பாக்கம் அங்கன்வாடியில் சேர்ந்தாள். அதைப் பூட்டிய பிறகு, அங்கே உதவியாளராக இருக்கும் ஆரோக்கியம்மாள் தன் வீட்டில் வைத்துக்கொள்வார், ரேகா வேலை விட்டு வரும்வரை.

ரேகா ஒரு மாதம் ராஜவேலுவிடம் பேசவில்லை. சில்லறையை நீட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு ஒருநாள் ஆலப்பாக்கத்தில் இறங்கும்போது, மகளின் கையைப் பிடித்தபடி படிக்கட்டில் நின்றாள்.

"மாமாவுக்கு டாட்டா சொல்லு."

"மாட்டேன்" என்றாள் இலக்கியா. "நான் சிதம்பரம் வரைக்கும் ஜன்னலோரம் போயினு இருந்தேன். இவருதான் என்னய எறக்கி வுட்டாரு."

ராஜவேலு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல் நின்றார். குழந்தை சாலையைக் கடந்து அங்கன்வாடி வாசலுக்குள் நுழையும்வரை, விசில் வராத எரிச்சலில் சடையப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.