பெரியப்பா வீட்டுக் கண்ணாடி ஓடு

என் முதல் பூச்சு வேலையை ஒன்பது வயதில் செய்தேன். ஏணி கிடையாது, கூட ஆள் கிடையாது, பிரஷ்கூடக் கிடையாது. இன்று நாகர்கோவிலைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் என் ஆட்கள் சாரம் கட்டி நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். படித்த எஞ்சினீயர்கள் காரில் வந்து இறங்கி, "இந்தச் சுவரு ஏன் பொருக்கு விடுது?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் என்றாலும் என்ன தப்பு, யார் கொடுத்தும் வந்ததில்லை அது. ஆனால் எத்தனை பங்களா பூசினாலும் அந்த முதல் வேலையைப்போல மனசு ஒன்றிச் செய்த வேலை இன்னொன்று இல்லை. அதைப் பொறாமையில் செய்தேன்.

ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடு. தாத்தா போனபிறகு அப்பாவும் பெரியப்பாவும் அதை நடுவில் பிளந்துகொண்டார்கள். பட்டாசாலை என்று சொல்கிற நடுக்கூடத்துக்குக் குறுக்கே செங்கல் சுவர் வந்தது. மேற்குப் பாதி பெரியப்பாவுக்கு, கிழக்குப் பாதி எங்களுக்கு. சுவர் ஆள் உயரம் தாண்டியதும் நடு உத்திரம் யார் பங்கு என்று ஒரு சண்டை. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அதோடு சுவரும் நின்றது, அண்ணன் தம்பிப் பேச்சும் நின்றது. சுவருக்கு மேலே ஓடு வரைக்கும் திறந்தே கிடந்தது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

சுவர் வந்ததும் இரண்டு பாதியும் இருண்டுபோயின. பெரியப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லை. தபால்காரர். தபால் கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் என்னென்ன புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவார், ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே செய்துவிடுவார். முதலில் வாசல் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். அடுத்த வாரமே அப்பா எங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தார். பளிச்சென்று இருக்கட்டுமே என்று சுண்ணாம்பில் நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கலக்கிவிட்டார். தெருவில் போன ஒருத்தர் நின்று பார்த்து, "வீட்டச் சலவைக்குப் போட்டிருக்கியளோ?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பெரியம்மா சிரித்தது இந்தப் பக்கம் கேட்டது.

பிறகு பெரியப்பா சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து தரை போட்டார். முழங்காலில் நின்று தேய்த்துத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் போட்டு மினுக்கினார். முகம் தெரிந்தது. அப்பாவும் போட்டார். எங்கள் தரை வெற்றிலை துப்பினமாதிரி திட்டுத் திட்டாக வந்தது. அது காய்வதற்குள் எங்கள் கோழி அடுக்களையிலிருந்து வாசல்வரை நடந்துபோய்விட்டது. அம்மா அந்தத் தடத்தைப் பார்த்து, "கோழிக்காவது வெளிய போக வழி தெரிஞ்சுதே" என்றாள்.

அதற்கப்புறம்தான் கண்ணாடி ஓடு வந்தது. கோட்டாறு கடைத்தெருவில் வாங்கி, வைக்கோலில் பொதிந்து, சைக்கிள் காரியரில் பிள்ளையைக் கட்டுகிறமாதிரி கட்டி, ஒரு மிதிகூட மிதிக்காமல் அத்தனை தூரமும் உருட்டிக்கொண்டே வந்தார் பெரியப்பா. தானே கூரையில் ஏறினார். ஒரு மண் ஓட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினார். அவ்வளவுதான் வேலை. உள்ளேயிருந்து பெரியப்பா மகன் "விழுந்துட்டு! விழுந்துட்டு!" என்று கத்தினான். ஓடு விழுந்துவிட்டதாக்கும் என்று நான் சந்தோஷமாக ஓடினேன். விழுந்தது வெயில். சிவப்புத் தரையின் நடுவில், முறம் அளவுக்கு, தங்கத்தகடு மாதிரி.

அது நகரும். காலையில் அவர்கள் மேற்குச் சுவரில் இருக்கும், மத்தியானம் தரைக்கு வரும், பிறகு நடுச்சுவரில் ஏறும். என்னைவிட ஆறு மாதம் மூத்தவன் பெரியப்பா மகன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தின் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து உட்காருவான். கையால் முயல் காட்டுவான், கொக்கு காட்டுவான். நான் போய் நின்றால், "ஒரு காலு வச்சுக்கலே. ரெண்டு காலு வச்சா வீட்டுக்குப் போயிரணும்" என்பான். நான் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கால் மட்டும் சுடும். வெளியே நிற்கிற மற்றக் கால்தான் எரிகிறமாதிரி இருக்கும்.

பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொல்வாள். "என்ன வெளிச்சம்டா சாமி, கண்ணு கூசுகு. ஒரு துணியக் கட்டித்தான் மறைக்கணும் போலிருக்கு."

அம்மா விடமாட்டாள். "எங்களுக்கெல்லாம் இருட்டுலயும் கண்ணு தெரியும்மா. கடவுள் நல்ல கண்ணு தந்திருக்காரு."

ஆனால் நாலு மணி தாண்டி வெயில் சாயும்போது, அந்த வெளிச்சம் நடுச்சுவரின் தலையைத் தாண்டி எங்கள் கிழக்குச் சுவரின் உச்சியில் கொஞ்ச நேரம் விழும். வெளுத்துப்போய், ஒரு ஓலைப்பெட்டி அளவு. அவர்கள் பகல் முழுக்கத் தின்று மிச்சம் வைத்த வெளிச்சம். அம்மா அந்த நேரத்துக்கென்று அரிசியை எடுத்துவைத்திருந்து கல் பொறுக்குவாள். அப்பா வீட்டில் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

நான் அப்பாவிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"நமக்கும் ஒண்ணு வைப்போம்ப்பா."

"ஓட்டுல கை வச்சா ஒழுகும்லே."

"பெரியப்பா வீட்டுல ஒழுகல்லியே?"

"அவரு வச்சாருன்னு நானும் வைக்கணுமோ? போய்ப் படி."

"எங்க வச்சுப் படிக்க? இருட்டா இருக்கே."

அதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. அதோடு நான் கேட்பதை விட்டேன். நினைப்பதை விடவில்லை. சோறு தின்னும்போது நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சூரியனைப் பற்றிச் சொன்னபோது, அது பெரியப்பா வீட்டுச் சொத்து என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த மாதம் அப்பா எங்கள் பாதியில் ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல் நுனிகளுக்கெல்லாம் தார் பூசிக்கொண்டிருந்தார், கரையான் ஏறாமல் இருக்க. பெரியப்பாவுக்கு முந்தி நாங்கள் செய்த ஒரே காரியம் அது. ஆனால் தாரைப் பார்க்க யார் வருவார்கள்? பாதி டின் தார் கொல்லையில் மிச்சம் இருந்தது.

ஒரு பள்ளிக்கூட லீவு நாளில், மயிலாடியில் ஒரு கல்யாணத்துக்குப் பெரியப்பா வீட்டில் எல்லாரும் விடியுமுன்னே கிளம்பிப் போனார்கள். அப்பா நெல் மில் வேலைக்குப் போய்விட்டார். அம்மா துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனாள். நான் தார் டின்னைக் கழுத்தில் கயிறுபோட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு தேங்காய்க் கதம்பையின் தும்பைக் கல்லால் நசுக்கி பிரஷ் ஆக்கிக்கொண்டு, கொல்லைப் பலாமரத்தில் ஏறிக் கூரைக்கு இறங்கினேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. எந்த ஓட்டில் கால் வைத்தால் தாங்கும், எதில் வைத்தால் உடையும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீழே கழுக்கோல் எங்கே ஓடும் என்று கணக்குப் பார்த்துக் கால் வைத்தேன். ஒரு ஓடுகூட உடையவில்லை. இன்றைக்கு என்னிடம் இருபது வருஷம் வேலைசெய்த ஆளை ஏற்றினால் நாலு ஓட்டை உடைத்துவிட்டு இறங்குகிறான்.

பூசுவதற்குமுன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கீழே ஆளில்லாத சிவப்புத் தரை. வெளிச்சத்துக்குள் என் தலை நிழலாக விழுந்து கிடந்தது. கையை ஆட்டினேன், நிழலும் ஆட்டியது. முயல் காட்டினேன். நல்லாவே வந்தது, அவன் காட்டுவதைவிட. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு பூசினேன். முதலில் நீளவாக்கில் ஒரு கோட். அது கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்து, குறுக்குவாக்கில் இன்னொரு கோட். ஓரத்தில் இருந்த மண் ஓட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒன்பது வயதுப் பையன்!

இறங்கி மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவினேன். சட்டையை மாற்றிக்கொண்டு புத்தகத்தை விரித்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

மூன்று மணிபோல அவர்கள் வந்தார்கள். கதவு திறந்த சத்தம். பிறகு பெரியம்மாவின் குரல்.

"என்னது இது, உள்ள இப்படி இருட்டிக்கெடக்கு? மழை வருகா?"

"வெளிய கொளுத்துகு. மழையாம் மழை." பெரியப்பா.

துறட்டிக் கம்பில் துணியைக் கட்டி உள்ளேயிருந்து துடைத்துப் பார்த்தார். கம்பு கண்ணாடியில் இடிக்கிற சத்தம் டக் டக் என்று எனக்குக் கேட்டது. புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நாலு மணி தாண்டியதும் இந்தப் பக்கம் அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். கிழக்குச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு என்ன, வெளிச்சத்தக் காணல்லியே?" என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

அதற்குள் பெரியப்பா ஏணி போட்டு ஏறிவிட்டார். இறங்கி, விரலை மோந்துகொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். நாலு வருஷத்தில் அந்த வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. ஊரிலேயே தார் வைத்திருந்தது எங்கள் வீடுதான் என்பது வேலிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்ட அத்தனைபேருக்கும் தெரியும். அப்பா அப்போதுதான் மில்லிலிருந்து வந்து, உடம்பெல்லாம் தவிட்டோடு கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏலே, இது எவன் செய்த வேலை?" என்று பெரியப்பா கறுத்த விரலை நீட்டினார்.

அப்பா விரலைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கையைத்தான் கழுவியிருந்தேன். காதுக்குப் பின்னால் தார் இருந்தது எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையைச் சரிசெய்கிறமாதிரி என்னைத் தனக்குப் பின்னால் தள்ளினாள்.

எனக்குப் பயம்தான். உள்ளதைச் சொல்கிறேன், பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. 'யார் இதை இவ்வளவு நேர்த்தியாகப் பூசினது?' என்று யாராவது கேட்டுவிட்டால், அடி விழுந்தாலும் சரி, நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது.

"நான்தான் பூசினேன்" என்றார் அப்பா.

"நீயா?"

"நானாக்கும். காலம்பற நீங்க போன பொறவு."

"எதுக்குலே?"

"பொறுக்கல்ல, அண்ணே."

வேலியில் யாரோ கனைத்தார்கள். அப்பா நிறுத்தவில்லை. "கதவுக்குப் பச்சை அடிச்சிய, பொறுத்தேன். தரை போட்டிய, பொறுத்தேன். இது ஆவல்ல. மூட்டை சுமக்கும்போதும் அந்த வெளிச்சம்தான் கண்ணுல நிக்கி. என் பெஞ்சாதி உங்க வீட்டு மிச்சத்துல அரிசி பெறக்குகா. நான் ஒரு ஓடு வாங்கி வச்சா, அண்ணனப் பாத்து வச்சான்னு ஊரு சொல்லும். வைக்காட்டா இருட்டு. என்ன செய்யச் சொல்லுதிய? பூசிட்டேன்."

அடி விழப் போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பெரியப்பா விரலைத் தன் வேட்டியிலேயே துடைத்தார். நல்ல கல்யாண வேட்டி. பிறகு, "மண்ணெண்ணெய் இருக்காலே?" என்று கேட்டார்.

அப்பா ஏறினார், பெரியப்பா ஏணியைப் பிடித்தார். "பைய, அந்த ஓடு ஆடும்" என்று மட்டும் பெரியப்பா ஒரு தடவை சொன்னார். நான் முற்றத்தில் நின்று, என் இரண்டு கோட்டும் கந்தல்துணியில் வழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. வேலை என்னுடையது, பெயரை அப்பா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பெரியப்பா மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அது நான் பூசினதாக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். "போலே, உனக்கு மாட்டக் கண்டாலே பயம், நீ கூரையில ஏறினியோ?" என்று சிரித்தான். ஊர் அப்பாவுக்குத் 'தாரு' என்று பட்டப்பெயர் வைத்தது. மில்லில் தாரு, டீக்கடையில் தாரு. "தாரு அண்ணன் வந்திருக்காரு, வெளக்க மறைச்சு வையுங்க" என்பார்கள். அப்பா அதற்குச் சிரித்துக்கொள்வார். யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நியாயமாக எனக்கு வரவேண்டிய பெயர். அப்பா சாகிறவரை அது என் கைக்கு வரவில்லை.

தாரைத் துடைத்த அன்று சாயங்காலம், எல்லாரும் கலைந்துபோன பிறகு, அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அடிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் கந்தல்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து என் காதுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்தார். எரிந்தது. எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை.

"எதுக்குப்பா அப்படிப் பொய் சொன்னிய?" என்று கேட்டேன்.

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். "எதுலே பொய்?" என்றார். பிறகு மற்றக் காதைத் திருப்பிப் பார்த்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பெரியப்பா உள்ளே போய்விட்டிருந்தார், அம்மா அடுக்களையில் இருந்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை. கேட்க ஆளே இல்லாத இடத்திலும் அப்பா எதற்காக அந்தப் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.