தொண்ணூற்றொன்பது அண்ணன்களும் ஓர் அண்ணனும்

சாலையோரம் மரம் நட்டாரே, அந்தச் சக்கரவர்த்தியை எட்டாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தென்காசியில் பெண்பிள்ளைகள் பள்ளி. சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், பாதிப் பேர் தூக்கத்தில். அவர்களை எழுப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி கொலைக்கதைதான்.

"பட்டத்துக்கு வாறதுக்கு முன்னாடி கூடப்பிறந்த தொண்ணூத்தொன்பது பேரைக் கொன்னாருன்னு ஒரு கதை உண்டுட்டி" என்றேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆனா அது வெறும் கதை. பட்டத்துக்கு வந்து எத்தனையோ வருசம் கழிச்சு அவரே கல்லுல வெட்டிவச்ச கட்டளையில அண்ணன் தம்பி வீடு, அக்கா தங்கச்சி வீடுன்னு வருது. எல்லாரையும் கொன்னிருந்தா வீடு ஏது? ஊர் சொல்லுததை அப்படியே நம்பக் கூடாது."

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "அப்பம், உங்க வாப்பா அவங்க அண்ணனை ஐந்தருவியில தள்ளிக் கொன்னுட்டாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுதாங்களே, அதுவும் பொய்தானா டீச்சர்?"

அவளை உட்காரச் சொன்னேன். நான் பிறக்கும் முன்பே பெரிய வாப்பா சீசன் வெள்ளத்தில் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லி வளர்த்தது அவ்வளவுதான். இப்படி ஒரு பேச்சு ஊரில் உலவுவதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். "ஊர்ல என்ன பேசுதானுவ தெரியுமா வாப்பா? அந்தப் பிள்ளை வீட்டுக்கே போயி நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேக்கப்போறேன்."

"போகாதட்டி" என்றார் வாப்பா. "தள்ளினேன்லா."

அல்லாவே! சுவரைப் பார்த்தபடி அவரே சொன்னார். "ஐந்தருவியில ரெண்டு பேரும் சேந்துதான் சீசன் கடை போட்டோம். அன்னைக்குச் சண்டை. புடிச்சுத் தள்ளிட்டு, திரும்பிப் பாக்காம கீழ இறங்கிட்டேன். கொஞ்ச நேரத்துல வெள்ளம் வந்துட்டுன்னு சத்தம். ஓடிப்போயிப் பாக்கேன், ஆளைக் காணோம். நான்தான் கொன்னேன்."

அதன்பிறகு அவருக்குச் சோறு வைப்பேன். முகத்தைப் பார்க்க முடியாது. கல்வெட்டைக் காட்டி யாரோ ஒரு ராஜாவைக் காப்பாற்றியவளுக்குப் பெற்ற தகப்பனைக் காப்பாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் மவுத்தானால், உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மைக்கில் சொல்வார்கள்: இன்னாருடைய மகன், இன்னாருடைய அண்ணன், அடக்கம் எத்தனை மணிக்கு என்று. அந்த வாரமே ஒரு காலையில் மைக் என் தாத்தா பெயரைச் சொல்லியது. பிறகு வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய உடன்பிறந்த அண்ணன் வாசுதேவநல்லூரில் மவுத்தாகிவிட்டார் என்றது. வாப்பாவுக்கு இருந்தது ஒரே ஓர் அண்ணன்.

"தப்பாச் சொல்லுதான்" என்றார் வாப்பா. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

வாசுதேவநல்லூரில் இறந்தவரின் மகன் எங்களை எதிர்கொண்டார். "தென்காசிப் பள்ளிவாசல்லயும் தம்பி பேரைச் சேத்துச் சொல்லணும்னு வாப்பாதான் கடைசியாச் சொன்னாங்க" என்றார். அருவியிலிருந்து நேரே பம்பாய்க்கு ரயில் ஏறியவராம். அப்புறம் சவூதி. ஓய்ந்து திரும்பியதும் மனைவியின் ஊரான இங்கேயே தங்கிவிட்டாராம். "தம்பி கைநீட்டிட்டான், இனி அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னுட்டாங்க. அவங்க மவுத்துன்னு நீங்க நெனச்சது, இப்ப நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன வீம்பு இது! பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மையித்து கிடக்கும் வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். வாப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, நீ இங்கனயா இருந்த?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நான் கொல்லலட்டி" என்றார். நின்ற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். "நான் கொல்லல."