பச்சைப் பென்சிலில் பதினேழு பேர்

1999 நவம்பரில், பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, பதினேழு சிறுமிகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருத்திகூடப் பள்ளிக்குப் போகிறவள் அல்ல. அது எனக்குத் தெரியும்.

நான் புள்ளியியல் படித்தவன். அப்போது மனித மேம்பாட்டை அளக்கும் ஆய்வு ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தேன். களத்துக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் படிவங்களை நிரப்பி வருவார்கள். நான் அவற்றைச் சரிபார்த்துக் கணினிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் எழுதுவது நீலப் பேனாவில், நான் திருத்துவது பச்சைப் பென்சிலில். ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக இருந்த ஒரு குடியிருப்பின் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. சாக்கடையை அங்கே நாலா என்பார்கள்; குடியிருப்பின் பெயர் நாலா பஸ்தி. பக்கத்துப் பள்ளியின் பதிவேட்டில் அந்தப் பதினேழு சிறுமிகளின் பெயர்களும் இருந்தன. படிவத்தில், 'போகவில்லை' என்பதற்கான எண் 2 இருந்தது. இப்படி முரண்பட்டால் மறுபடி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு மூன்று நாள் பிடிக்கும். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து தலைமை அதிகாரி வருவதாக இருந்தது. சனிக்கிழமை மாலை, பதினேழு இரண்டுகளையும் அடித்து, 'போகிறாள்' என்பதற்கான 1 போட்டேன்.

படிவங்களை நிரப்பிய ஸ்டெல்லா என் மேசை முன்னால் வந்து நின்றாள். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; அப்போது இருபத்திரண்டு வயது. "சார், அந்தப் பிள்ளைங்கள கண்ணால பார்த்தேன். கம்பெனி கழிச்ச மருந்துச் சாக்கை பிரிச்சிட்டு இருந்தாங்க. பதிவேட்டில பேர் இருக்கு, பெஞ்சில பிள்ளை இல்ல" என்றாள். டெல்லிக்காரர் வந்தபோதும் விடாமல் அதையே சொன்னாள். நான் அவளுடைய கோப்பில், 'கவனக்குறைவானவர். களப்பணிக்கு ஏற்றவரல்ல' என்று எழுதினேன். மறுவாரம் அவளுக்கு வேலை இல்லை.

பள்ளிக்குப் போகாத சிறுமிகளுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று, மிகவும் பின்தங்கிய பகுதியில் தொடங்கப்படவிருந்தது. நான் மாற்றிய எண்களால் வளர்ச்சிப் பட்டியலில் நாலா பஸ்தி சில படிகள் மேலே ஏறிவிட்டதால் பள்ளி வேறு இடத்துக்குப் போனது.

2011 டிசம்பரில் சென்னையில், பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்குத் தரவின் நம்பகத்தன்மை பற்றி வகுப்பெடுத்தேன். அமைப்பாளர்கள் எடுத்துக்காட்டாகத் தந்தது அந்தப் பழைய ஆய்வின் அட்டவணை. நாலா பஸ்தி வரி வந்ததும் வகுப்பைப் பாதியில் முடித்தேன். அந்த வாரமே செகந்திராபாத்துக்குச் சீட்டு எடுத்தேன்.

2012 பிப்ரவரி 14, காலை 7.20. ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் செகந்திராபாத் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரே இரானி சாயும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் பதினாறு ரூபாய். என் பையில் இருந்தவை மாற்று உடை ஒன்றும், ஆய்வு நிறுவனத்துக்கு நான் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதமும். அதை அனுப்புவதற்கு முன் ஸ்டெல்லாவிடம் காட்ட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம். அவள் இப்போது இருக்கும் இடத்தை எங்கள் பழைய ஜீப் ஓட்டுநர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: ஜீடிமெட்லா பஸ் டிப்போவுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.

8.05. ஆட்டோக்காரர் நூற்றெழுபது கேட்டு நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். பதின்மூன்று கிலோமீட்டர்.

"ஜீடிமெட்லாவா? அங்கே கைக்கு சாப்?" என்றார். ஏன் என்று கேட்கிறார். "மெட்ராஸ்காரங்க எல்லாம் ஹைடெக் சிட்டி போவாங்க. மகன் கம்ப்யூட்டர்ல இருப்பான், பேரனைப் பார்க்கப் போவாங்க. நீங்க ஒருத்தர்தான் நாத்தத்தைப் பார்க்கப் போறீங்க."

ஒருவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பாலாநகர் தாண்டியதும் அவர் சொன்ன நாற்றம் வந்தது. மாத்திரையை நாக்கில் வைத்துக் கரையவிட்டாற்போல ஒரு கசப்பு. பன்னிரண்டு வருடத்தில் நகரத்தின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக மாறியிருந்தது. இந்தப் பக்கத்தில் மாறியவை பெயர்ப்பலகைகள் மட்டுமே.

9.00. கடை பத்தடிக்கு எட்டடி. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், லேமினேஷன் இயந்திரம், வெளியே நீண்ட பெஞ்ச். 'ரேஷன், பென்ஷன், பிறப்புச் சான்றிதழ் படிவங்கள் நிரப்பித் தரப்படும், ரூ.10' என்று தெலுங்கிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. பெஞ்சில் ஆறு பேர். ஸ்டெல்லா ஒரு கிழவரிடம் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"கண்ணாடிய மாத்திட்டீங்க சார். பென்சில மாத்திட்டீங்களா?"

"உக்காருங்க. வரிசை இருக்கு" என்றாள். ஏழாவது ஆளாக உட்கார்ந்தேன். என் முறை வர ஒரு மணி நேரம் ஆனது.

அந்த வேலைக்குப் பிறகு எந்த ஆய்வுக்கும் அவளை அழைக்கவில்லை. இந்தத் தொழிலில் மேற்பார்வையாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். நான்கு வருடம் மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு இந்தக் கடையைப் போட்டிருக்கிறாள். இதை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தபடியே சொன்னாள். நான் கடிதத்தை எடுத்தேன்.

"நக்கோ சார், வேண்டாம். எங்கிட்ட அப்புறம் காட்டுங்க. முதல்ல அவங்கள்ல ஒருத்திகிட்ட சொல்லுங்க."

11.15. கடையைப் பூட்டிவிட்டு நாலா பஸ்திக்கு நடந்தோம், ஒன்றரை கிலோமீட்டர். ஆய்வு முடியும்வரை நான் ஒருமுறைகூட இந்த வழியில் வந்ததில்லை. வீடுகள் இப்போது செங்கல் சுவரோடு இருந்தன, கூரைமேல் டிஷ் ஆண்டெனாக்கள் இருந்தன. சாக்கடையில் ஊதா நிறத்தில் தண்ணீர் ஓடியது. கையில் காகிதத்தோடு வந்த என்னைப் பார்த்ததும் ஒரு பெண் கதவைச் சாத்தினாள். "சர்வேன்னு நினைச்சுட்டா" என்றாள் ஸ்டெல்லா.

பதினேழு பேரில் ஒருத்தி பாலம்மா. அன்று பத்து வயது, இன்று இருபத்திரண்டு. மருந்துக் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டில் பொதி கட்டுகிறாள். நாங்கள் போனபோது துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததைத் தமிழில் சொன்னேன், ஸ்டெல்லா தெலுங்கில் சொன்னாள். பாலம்மா பேசியதை அவள் அப்படியே தமிழில் எனக்குச் சொன்னாள்.

"நான் ஸ்கூல் போறேன்னு எழுதினாரா? எத்தனாவது?"

"நாலாவது" என்றேன். அது எனக்கு நினைவிருந்தது.

பாலம்மா சிரித்துவிட்டாள். சோப்புக் கையோடு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "ஏ ராணி, கேட்டியா, நான் நாலாவது படிச்சிருக்கேனாம்! நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்லி சம்பளம் ஏத்தச் சொல்லணும்."

ராணியும் சிரித்தாள். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்ததுபோல் பார்த்தார்கள். பள்ளி வேறு இடம் போன விஷயத்தையும் சொன்னேன். பாலம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"வந்திருந்தா போயிருப்பேனான்னு தெரியல. எங்கம்மா விட்டிருக்க மாட்டா. ஆனா, வர்றியான்னு ஒருத்தர் வந்து கேட்டிருப்பாங்க இல்ல?"

ஸ்டெல்லா இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாலம்மா அடுத்த துணியை எடுத்துவிட்டாள்.

பிற்பகல் 1.00. ஷிப்டுக்குப் புறப்பட்ட பாலம்மா எங்களோடு கடைவரை நடந்து வந்தாள். ஸ்டெல்லா கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, காதில் செருகியிருந்த நீலப் பேனாவை எடுத்தாள்.

"'கவனக்குறைவால் இந்தத் திருத்தத்தைச் செய்தேன்'னு போட்டிருக்கீங்க. கவனக்குறைவு நீங்க எனக்குக் குடுத்த பேரு சார். இப்ப அதையே நீங்க வெச்சுக்கிட்டா எப்படி?"

அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'தெரிந்தே' என்று எழுதினாள். இரண்டு மாதமாக அந்தக் கடிதத்தை ஆறு முறை திருத்தியிருந்தேன். அந்தச் சொல்லை நான் பார்க்கவே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். சாட்சி வேண்டும் என்றாள் ஸ்டெல்லா, விஷயம் பாலம்மாவைப் பற்றியதும்தானே. மை டப்பாவைத் திறந்து நீட்டினாள். பாலம்மா இடது கட்டை விரலைப் பதித்துவிட்டு, நாலாவது படிச்சவ கைநாட்டு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி மருந்துக் கம்பெனிப் பக்கம் நடந்தாள். ஸ்டெல்லா என்னிடம் பத்து ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

மாலை 4.30. செகந்திராபாத் தபால் அலுவலகத்தில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு ரயில் ஏறினேன். அதற்கு முன், ஆட்டோ பேகம்பேட் தாண்டும்போது பழைய அலுவலகக் கட்டடத்தைத் தேடினேன், அகப்படவில்லை.

ஜூன் மாதம் பதில் வந்தது. ஸ்டெல்லாவின் கோப்பிலிருந்த குறிப்பு நீக்கப்பட்டது என்று ஒரு வரி. முடிந்துபோன ஆய்வின் அட்டவணைகளைத் திருத்த வழியில்லை என்று ஒரு வரி. நகலை அவளுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அழைத்தாள்.

"முதல் வரியை மட்டும் வெட்டி லேமினேட் பண்ணி மாட்டிட்டேன் சார். ரெண்டாவது வரி உங்களுது, நீங்களே வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டிருக்கிறேன். நாலா பஸ்தியில் அந்தப் பதினேழு பேருக்கும் இப்போது குழந்தைகள் இருக்கக்கூடும். அட்டவணையில் அவர்கள் இன்னும் நாலாவது, ஐந்தாவது என்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.