ரவுட்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். படித்தது நெட்வொர்க் எஞ்சினியரிங். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, வரிசையாகத் தேடினால் அகப்படும் என்பதுதான் என் பிழைப்பே. நீங்கள் நம்புவீர்கள் என்று இதைச் சொல்லவில்லை. நடந்தது இருட்டில்கூட இல்லை. பட்டப்பகலில், பவானிபூரில், நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில்.

பக்கவாதம் வந்தபின் அப்பா உள்ளறைக் கட்டிலோடு இருந்தார். அம்மாவுக்குக் காது மந்தம். நான் ஆபீஸ் போயே ஆகவேண்டும். அதனால் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கேமரா மாட்டினேன். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் செல்போனில் பார்த்து, கீழ்வீட்டு வங்காளிப் பெரியவரை, சித்தப்பா மாதிரி 'காகு' என்று நான் கூப்பிடுபவரை, மேலே அனுப்பலாம். ஆனால் பழைய காலத்துத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை சிக்னல் உள்ளே வரவில்லை. நிறைய ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பெட்டிகளாக வரும் ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். ஒன்று கூடத்தில், மற்றது கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல், இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். இனிமேல் தடை வர வழியே இல்லை.

வந்தது. படம் அடிக்கடி உறைந்து நின்றது. பெட்டிகளை மாற்றி வைத்தேன், சேனலை மாற்றினேன், இரும்பு பீரோவைக்கூட வெளியே தள்ளினேன். கடைசியில் செல்போனைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்க நடந்து சிக்னலை அளந்தேன்.

"சும்மா அளந்துண்டே இருக்கியே, வீட்டை விக்கப் போறியா? வாடகை வீடுடி இது," என்றாள் அம்மா.

கட்டிலிலிருந்து அப்பா குழறலாகச் சிரித்தார். "நான்தான் மறைக்கறேனோ என்னமோ. வேணும்னா நகர்ந்து படுத்துக்கறேன்."

அறை நடுவிலிருந்து கேமரா வரைக்கும் ஒரு பட்டையில் மட்டும் சிக்னல் குறைந்துவிட்டது. பெட்டியை ஜன்னலுக்கு மாற்றினேன். பட்டையும் திசை மாறியது. ஆனால் தொடங்கியது அதே இடத்தில். அங்கே வெறும் தரை.

மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். வைஃபை அலையைக் குடித்துவிடும். நடுவில் ஆள் நின்றால் பின்னால் நிழல்போலச் சிக்னல் குறையும். இது பாடத்தில் வருவது. அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து அளந்தேன்.

"இன்னும் எத்தனை நாழி நிக்கணும்? ரசம் பொங்கிடும்."

அம்மாவுக்குப் பின்னால் விழுந்த நிழலும் அந்தப் பட்டையின் அதே அகலம், அதே குறைவு.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஜன்னலில் வைத்ததும் படம் சரியானது, நிம்மதியாக ஆபீஸ் போனேன். சில நாளில் மறுபடி உறைந்தது. அளந்தேன். பட்டை இப்போது கட்டிலின் கால்மாட்டிலிருந்து தொடங்கியது.

அன்றைக்கு அப்பா சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தார். பாதிக் கட்டில் காலி.

"ஏம்ப்பா இப்படி ஓரமா? நடுவுல படுங்கோ."

"இருக்கட்டும்," என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீஸில் செல்போனைத் திறந்தபோது படம் நின்றிருந்தது. சுவரோரம் அப்பா, கண்கள் காலி இடத்தின் பக்கம். காகுவைக் கூப்பிட்டேன். அவர் மாடி ஏறுவதற்குள் படம் தானாக ஓட ஆரம்பித்தது, அதுவரை பார்த்திராத துல்லியத்தில். காகு உள்ளே வந்து, அப்பாவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்து, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "சோலே எஷோ, மா," என்றார். வந்துவிடும்மா என்று.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அந்த அறையை அளந்தேன். மூலைமுடுக்கெல்லாம் முழுச் சிக்னல். பெட்டியில் கோளாறு இருந்து, பிறகு தானே சரியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கொஞ்ச நாளாகக் கூடத்தில் வீடியோ கால் பேசினால் முகங்கள் உறைகின்றன. அளக்கும் செயலியைச் செல்போனிலிருந்து எடுத்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தேன். அம்மா தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நீள சோபாவில், ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து.